அறை வெப்பநிலை

அலுமாரியின் கீழ்த்தட்டில்
நாற்பது வோற்ஸ் பல்ப் ஒன்று
எனக்கு முந்தியவர் காலத்திலிருந்தே எரிந்தது.
கைநூலில் அறை வெப்பநிலை இருபத்தைந்து என்றிருக்கும்;
டிக்கோயாவில் எந்த அறை இருபத்தைந்தைக் கண்டது?
மார்கழியில் மேசைமேல் வைத்த தட்டுகளில்
பூஞ்சணம்கூட விறைத்துக் கிடக்கும்.
அதனால் பல்ப்,
கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல.

போன பங்குனியில்
நானே அதைக் கழற்றினேன்.
அறையே இருபத்தேழு.
காவலாளி தென்னக்கோன்
சட்டைப் பித்தான் இரண்டைத் திறந்துவிட்டு
அட்டன் கடைகளில் மின்விசிறி முடிஞ்சு போச்சு என்றான்.

புஷ்பலீலா வந்தது அந்தக் கிழமைதான்.
கவாத்து விறகு சுமக்கையில் கீறிய முன்கை.
ஒரு முடிச்சு, அதற்கு மேல் ஒரு முடிச்சு,
முழங்கையை நோக்கி
லயத்துக் கதவுகள் மாதிரி வரிசை.
மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்திருக்கிறாள்,
டிஸ்பென்சரிக் களிம்பும்.
"காய்ச்சல் இருந்ததா?"
"காய்ச்சல்னாத்தான் லீவு குடுத்திருப்பாங்களே மிஸ்."

சுரண்டி எடுத்ததை
இரண்டு தட்டுகளில் பிரித்தேன்.
ஒன்று அலுமாரியில்.
ஒன்று முப்பத்தேழில்,
உடம்பின் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் பெட்டிக்குள்.

படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தது:
இவற்றில் பெரும்பாலானவை முப்பத்தேழில் வளராது.
மண்ணில் வளரும், இலையில் வளரும்,
செத்த மரத்தில் செழித்து வளரும்.
நம் இரத்தத்தின் வாசல்வரை வந்து
சூடு பொறுக்காமல் திரும்பிவிடும்.
அந்த வெதுவெதுப்புக்கு
வேலியென்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கோப்பி இலையின் அடியில்
செம்மஞ்சள் தூள் படர்ந்த வருசங்களில்
இந்த மலை முழுக்க அது தின்றது,
கோப்பியை மட்டும்.
ஆட்களைப் பசி தின்றது; அது வேறு கணக்கு.
தூள் அப்பிய கையோடு சோறு உருட்டியவர்களை
அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு கோடையும்
அரைப் பாகை, கால் பாகை.
ஏறுகிறவன் காலுக்கு மலை பழகுவதுபோல
எதற்கோ சூடு பழகுகிறது.
பீலிக்கரைக் கல்லிடுக்கில்
பெயர் வைக்காத ஒன்று
ராத்திரி ராத்திரியாகப் பாடம் செய்கிறது.
இப்படித்தான் நினைக்கிறேன்.
நினைப்பை அறிக்கையில் எழுத இடமில்லை.

ஆறாம் நாள்
அலுமாரித் தட்டில் சாம்பல் நிறக் கம்பளி.
முப்பத்தேழுத் தட்டுக்கு
வளர்ச்சியில்லை என்று எழுதப் பேனையைத் திறந்துவிட்டேன்.
பிறகு வெளிச்சத்துக்குச் சாய்த்தேன்.
ஓரத்தில்
கடுகில் பாதி.

டொக்டர் எக்கநாயக்க மூன்று முறை பார்த்தார்.
தட்டு மாறியிருக்கலாம் என்றார்.
பெட்டியின் வெப்பமானி பிசகியிருக்கலாம்.
கொழும்புக்கு அனுப்புவோம், அங்கே பெயர் சொல்வார்கள்.
வெயிலாலா என்று கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி,
"இருக்கலாம்" என்றார்.
அந்தச் சொல்லை
அவ்வளவு கவனமாக ஒருவர் இறக்கி வைத்து
நான் பார்த்ததில்லை.

வெப்பமானியைச் சோதித்தேன். சரியாக இருந்தது.
இன்னொன்றை வைத்துப் பார்த்தேன்.
அதுவும்.

புஷ்பலீலாவுக்கு ஆறு மாதக் குளிசை.
"கிளினிக் வர்ற நாளெல்லாம்
அரைப்பேர்தான் போடுவாங்க" என்றாள்.
மருந்துப் பையைக் கொங்காணிக்குள் செருகினாள்.
போனவள் படியிலிருந்து திரும்பி வந்து கேட்டாள்:
"மிஸ், இது குளிருக்கு வந்ததா, சூட்டுக்கு வந்ததா?"

என்னிடம் ஒரு சொல்தான் இருந்தது,
அதுவும் இரவல் வாங்கியது.
பஸ் போய்விடும் என்று மட்டும் சொன்னேன்.

பல்ப் காகிதத்தில் சுற்றி லாச்சியில் கிடக்கிறது.
மாலையில் எல்லோரும் போன பிறகு
புறங்கையைச் சுவரில் வைத்தேன்,
பிறகு நெற்றியில்.
இரண்டுக்கும் நடுவே
இன்னும் பத்துப் பாகை இருக்கிறது.
நான் வேலைக்குச் சேர்ந்த பங்குனியில்
பதின்மூன்று.